ஆயிரம் சாமி, அஞ்சு யென்!

ஜப்பானில் மதவாரியாக எடுக்கிற புள்ளிவிவரத்தைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் தலை சுற்றும். ஷின்டோ மதத்தார் இத்தனை கோடி, பௌத்தர்கள் இத்தனை கோடி என்று அந்தந்த அமைப்புகள் கொடுக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், மொத்தம் அந்த நாட்டு ஜனத்தொகையையே தாண்டிப் போய்விடுகிறது!

நான் பி.காம். படித்தவன். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் வராத ரகம். விசாரித்ததில் விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரே ஆளை இரண்டு லெட்ஜரிலும் எழுதியிருக்கிறார்கள். குழந்தை பிறந்தால் ஷின்டோ கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். ஆள் செத்தால் பௌத்த பிட்சு வந்து மந்திரம் சொல்வார். நடுவில் வருகிற கல்யாணத்தை, வெள்ளை கவுன் போட்டு சர்ச் மாதிரி கட்டின ஹாலில் நடத்துவதும் உண்டு. யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி ஏற்றும் நமக்கு இது புரியாதா என்ன?

போன நவம்பரில் ஒசாகா போனது கோயில் பார்க்க அல்ல, அக்கா பையனைப் பார்க்க. திருச்சியில் பி.டெக். முடித்துவிட்டு, ஏப்ரலில் ஒசாகா பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்குச் சேர்ந்தான். ஏதோ பாட்டரி ஆராய்ச்சி. "போன்ல 'ம்', 'ஓகே', 'வச்சுடறேன்'. இந்த மூணு வார்த்தைக்கு மேல பேச்சே இல்லடா. நீ ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்றாள் அக்கா, ஏதோ திருவெறும்பூர் வரை போய்விட்டு வரச் சொல்கிற மாதிரி.

போய்ப் பார்த்தேன். பையன் பாதியாகியிருந்தான். ஏழு மாதத்தில் அவன் தரிசித்த இடங்கள் மூன்று. லாப், ஹாஸ்டல், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் மூலைக்கடை. கடலைப் பாசியில் சுற்றிய சோற்று உருண்டைதான் மூன்று வேளையும். ஒரு கோயில்கூடப் பார்த்ததில்லை.

நவம்பர் 23 அங்கே உழைப்பாளிகளுக்கு நன்றி சொல்லும் நாள். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் திங்களும் லீவு. சனி, ஞாயிறு, திங்கள்!

"மாப்ளே, கிளம்பு. உன் ஊர் கோயிலை எனக்குச் சுத்திக் காட்டு."

"எனக்கே தெரியாதே மாமா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. சேர்ந்தே தெரிஞ்சுக்குவோம்."

கம்பெனி வைத்துக் கட்டிய கோயில்

சனிக்கிழமை ஒசாகாவிலேயே ஷிதென்னோஜி. 593-ல் இளவரசர் ஷோதோகு ஆரம்பித்த கோயில். பெயருக்கு அர்த்தம், நான்கு திசைகளையும் காக்கும் நான்கு ராஜாக்களின் கோயில். அந்த நால்வரில் வடக்குத் திசைக்காரர் யார் தெரியுமா? நம் குபேரன்தான். கவசம் போட்டு, ஈட்டி பிடித்து, மிலிட்டரி ஆபீஸர் மாதிரி ஆகிவிட்டார்.

இந்தக் கோயிலைக் கட்ட கொரியாவிலிருந்து தச்சர்களை வரவழைத்தார்கள். அதில் ஒருவரின் வம்சம் 578-ல் தொடங்கியதுதான் 'கோங்கோ குமி' என்ற கட்டடக் கம்பெனி. கோயில் எரிந்தால் அவர்கள் கட்ட வேண்டும், இடிந்தால் அவர்கள் கட்ட வேண்டும். இப்படியே ஒரே குடும்பத்தின் கையில் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் நடந்தது ஸார்! சண்டை, பூகம்பம், உலக யுத்தம் எல்லாவற்றையும் தாண்டிய கம்பெனியைக் கவிழ்த்தது எது? 1980-களின் ரியல் எஸ்டேட் கடன். 2006-ல் வேறொரு பெரிய கம்பெனி எடுத்துக் கொண்டது. தச்சர்கள் இன்றும் கோயில் கட்டிக் கொண்டுதான் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவன் பிழைத்துக் கொள்வான், பாலன்ஸ் ஷீட்தான் தாங்காது.

இப்போது நிற்கும் மண்டபங்கள் 1945 குண்டுவீச்சில் அழிந்த பிறகு கான்கிரீட்டில் கட்டியவை. ஆனால் மேற்கு வாசலில் 1294-ம் வருஷத்துக் கல் 'தோரி' நிற்கிறது. தோரி என்றால், இரண்டு தூண், மேலே இரண்டு உத்தரம் வைத்த வாசல். அது ஷின்டோ கோயிலின் அடையாளம். பௌத்தக் கோயிலில் அதற்கென்ன வேலை? அதுதான் சொன்னேனே, இரண்டு லெட்ஜர்! 1868-ல் மேஜி அரசாங்கம் வந்து, 'நீ வேறு, அவன் வேறு' என்று சட்டம் போட்டுப் பாகப்பிரிவினை செய்யும்வரை, இரண்டும் ஆயிரம் வருஷம் கூட்டுக் குடித்தனம் நடத்தியவை.

இப்போது அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சின்ன சூத்திரம். பெயர் 'ஜி' அல்லது 'தேரா' என்று முடிந்தால் பௌத்தம். 'ஜின்ஜா', 'ஜிங்கு', 'தைஷா' என்றால் ஷின்டோ. ஷின்டோ சன்னிதியில் இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, மறுபடி ஒரு தரம் குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கும்பிடு மட்டும். அங்கே ஒரு வெள்ளைக்காரர் புத்தருக்கு முன் பலமாகக் கைதட்டினார். பக்கத்தில் நின்ற பாட்டியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகரிகம் என்றால் அது.

உண்டியலுக்கு ஐந்து யென் நாணயம்தான் விசேஷம். நடுவில் ஓட்டை போட்ட பித்தளைக் காசு. ஐந்து யென் என்பதை 'கோ-என்' என்கிறார்கள். அதே உச்சரிப்புக்கு 'நல்ல தொடர்பு', 'பிராப்தம்' என்றும் அர்த்தம். நம் காசுக்குச் சுமார் மூன்று ரூபாய். மூன்று ரூபாயில் பிராப்தம்! நான் இருபது காசு மாற்றி வைத்துக் கொண்டேன்.

பத்தாயிரம் வாசல்

ஞாயிறு காலை ஏழு மணிக்கே கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி. ஏழு மணிக்குப் போனால் ஆள் நடமாட்டம் கொஞ்சம், பத்து மணிக்குப் போனால் ரங்கநாதன் தெரு. இனாரி, நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் தெய்வம். 711-ல் தோன்றிய கோயில். இங்கே வாகனம், தூதர் எல்லாம் நரிதான். சில நரிகள் வாயில் சாவியைக் கவ்விக் கொண்டிருக்கின்றன. நெல் களஞ்சியத்தின் சாவியாம். கேஷியரைத் தவிர வேறு யாரிடமும் நான் அவ்வளவு பொறுப்பான முகத்தைப் பார்த்ததில்லை.

மலை உச்சி 233 மீட்டர். வழி முழுக்கச் சிவப்பு மரத் தோரிகள், சுமார் பத்தாயிரம், ஒன்றையொன்று ஒட்டி ஒட்டி. முன்பக்கம் வெறுமையாக இருக்கும். இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணிலும் உபயதாரர் பெயர், தேதி! நம் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுவோமே, அதே ஆசைதான். ஆனால் ரேட் வேறு. சின்ன தோரிக்கே சில லட்சம் யென், பெரிதென்றால் பத்து லட்சத்துக்கு மேல். மரம் உளுத்ததும் எடுத்துவிட்டு அடுத்த உபயதாரருக்கு இடம் கொடுத்து விடுகிறார்கள். சாமிக்கு ரெகுலர் வருமானம், கம்பெனிக்கு விளம்பரம், தச்சனுக்குக் கூலி. காமர்ஸ் புத்தகத்தில் இந்தப் பாடத்தைச் சேர்க்கலாம்.

பாதி மலையில் ஒரு நாற்சந்தி. அங்கிருந்து கியோட்டோ நகரம் முழுக்கத் தெரிகிறது. மலைக்கோட்டைப் படிகளை ஒரே மூச்சில் ஏறுகிறவன், அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் ஊரையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"மாமா, டிசம்பரோட ஊருக்கு வந்துடலாம்னு பார்க்கறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆறு மாசமா ஒரே எக்ஸ்பெரிமென்ட். இருபது தடவை சார்ஜ் ஏத்தினா பாட்டரி செத்துடுது. மறுபடி செய்யறேன், மறுபடி சாகுது. புரொபசர் திட்டினாக்கூடத் தேவலை. 'கம்பத்தே'ன்னு சொல்லிட்டுப் போயிடறார்."

"அப்படின்னா?"

"முயற்சி பண்ணுன்னு அர்த்தம். இங்க எல்லாத்துக்கும் அதான். லாப்ல எல்லாரும் நல்லவங்கதான் மாமா. ஆனா ஒரு நாள் பூரா யார் கூடவும் பேசாமயே ராத்திரி ஆயிடுது. பாங்க் லோன் வேற ஓடிட்டிருக்கு. அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது? அதான் போன்ல சீக்கிரம் வச்சுடறேன்."

அட்வைஸ் என்று ஒரு சாமான் இருக்கிறதே, அதைக் கேட்கிற வயசில் நானும் கேட்டதில்லை. "சரி வா, பசிக்குது" என்றேன். கீழே இறங்கி, எண்ணெயில் பொரித்த டோஃபு பைக்குள் சோறு அடைத்த 'இனாரி ஸூஷி' சாப்பிட்டோம். நரிக்கு ரொம்பப் பிடித்த ஐட்டம் என்று நம்பிக்கை. பையன் ஆறு தின்றான். நரி பாவம்.

கணக்கு டேலி ஆகிறது

அடுத்தது ஸஞ்ஜூஸன்கென்-தோ. நீளம் 120 மீட்டர், மரத்தால் ஆன ஒரே ஹால். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்க்கலாம். அரையிருட்டில், தங்க முலாம் பூசிய 1001 கன்னோன் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர், கருணையின் வடிவம். ஆயிரம் கை கொண்டவர் என்று பெயர். எண்ணினால் ஆயிரம் வராது. காரியம் செய்கிற கை நாற்பதுதான். ஒவ்வொரு கையும் இருபத்தைந்து உலகங்களைக் காப்பாற்றுமாம். நாற்பது தரம் இருபத்தைந்து, ஆயிரம். அப்பாடா! ஜப்பானில் எனக்கு டேலி ஆன முதல் கணக்கு.

முன்வரிசையில் இருபத்தெட்டு காவல் தெய்வங்கள். பாதி நம்மவர்கள். இந்திரன், பிரம்மா... பறவை முகத்தோடு ஒருவர் புல்லாங்குழல் வாசிக்கிறார். பெயர் 'கருரா'. கருடன் ஸார்! பெருமாளுக்கு லீவு கொடுத்துவிட்டுச் சங்கீதம் கற்றுக் கொண்டிருக்கிறார்.

1164-ல் கட்டிய கோயில், 1249-ல் எரிந்தது. ஓடிப் போய்க் காப்பாற்றிய சிலைகள் 124. மிச்சம் எண்ணூற்றுச் சொச்சம் சிலைகளையும் மறுபடி ஒவ்வொன்றாகச் செதுக்கி, 1266-ல் ஹாலைத் திரும்ப நிறுத்தினார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய கன்னோனைச் செய்து முடித்தபோது சிற்பி தங்கேய்க்கு வயது 82.

"திரும்ப மொதல்லேர்ந்தா?" என்றான் பையன்.

"மொதல்லேர்ந்துதான்."

அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த ஆயிரம் முகங்களில், நாம் பார்க்க ஏங்குகிறவரின் முகம் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பையன் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டான். எந்தச் சிலை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வரிசையில் ஒன்றுக்கு எங்கள் அக்காவின் மூக்கு.

எண்பத்தைந்து பர்சென்ட் பாஸ்

கியோமிஸு-தேராவுக்கு ஏறும் சந்தில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. மேப்பிள் இலைகள் சிவக்கிற சீசன். கோயிலின் பெருமை அதன் மேடை. மலைச் சரிவிலிருந்து 13 மீட்டர் உயரத்தில், ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தில் கோத்து நிறுத்தியது. இப்போது இருப்பது 1633-ல் கட்டியது. 'கியோமிஸு மேடையிலிருந்து குதிக்கிற மாதிரி' என்று ஜப்பானியர்கள் ஒரு வசனம் சொல்வார்கள். துணிந்து ஒரு காரியத்தில் இறங்குவது என்று அர்த்தம்.

வெறும் வசனம் இல்லை. வேண்டுதல் பலிக்க வேண்டுமென்று நிஜமாகவே குதித்திருக்கிறார்கள். கோயில் குறிப்பேடுகளில் 234 பேர் கணக்கு இருக்கிறது. கீழே அப்போது மரமும் புதரும் அடர்ந்திருந்ததால் சுமார் 85 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 1872-ல் அரசாங்கம் தடை போட்டது.

பையன் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தான்.

"எண்பத்தஞ்சு பர்சென்ட் பாஸ், மாமா. என் பாட்டரியைவிட நல்ல ரிசல்ட்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் நான் அவன் முதுகுப் பையின் வாரைப் பிடித்துக் கொண்டேன். அந்த இடத்தை விட்டு நகரும்வரை விடவில்லை. அவனும் 'விடுங்க' என்று சொல்லவில்லை.

அங்கேயே சீட்டு எடுத்தோம். 'ஒமிகுஜி' என்பார்கள். டப்பாவைக் குலுக்கினால் ஒரு குச்சி வரும். அதிலுள்ள நம்பருக்கு ஒரு காகிதம். கிளி இல்லாத கிளி ஜோசியம். பையனுக்கு வந்தது 'கியோ'. அதாவது, கெட்ட பலன். நான் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு நிற்க, அவன் அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். கெட்ட சீட்டு வந்தால் அங்கேயே கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடலாம். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை.

"நம்ம ஊரா இருந்தா பரிகாரம்னு ரெண்டாயிரம் ரூபாய் பில் போட்டுப் பார்சல் பண்ணிக் குடுத்திருப்பாங்க" என்றபடி கட்டினான். அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சீட்டுகள் தொங்கின. கெட்ட பலன் நமக்கு மட்டுமில்லை என்று தெரிந்தாலே பாதி தெம்பு.

பனிஷ்மென்ட் டிரான்ஸ்ஃபர்

ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் கும்பிட வேண்டிய சாமி ஒன்று கியோட்டோவில் இருக்கிறது. கிதானோ தென்மான்கு கோயிலின் ஸுகவாரா மிச்சிஸானே. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிஜ மனிதர். பெரிய படிப்பாளி, கவிஞர், அமைச்சர். ஆபீஸ் பாலிடிக்ஸில் மாட்டி, 901-ல் தூரத்து தஸாய்ஃபுவுக்கு மாற்றல். 903-ல் மனசொடிந்து அங்கேயே இறந்து போனார். அப்புறம் ஆரம்பித்தது வினை. சதி செய்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். 930-ல் அரண்மனை மேலேயே இடி விழுந்தது. நடுங்கிப்போன நிர்வாகம் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்து, பிரமோஷன் மேல் பிரமோஷன் போட்டு, 947-ல் கோயிலும் கட்டியது. செத்த பிறகு அரியர்ஸோடு நீதி!

கோபக்கார ஆவி காலப்போக்கில் படிப்புக்குத் தெய்வமாகிவிட்டது. பரீட்சை சீசனில் மாணவர் கூட்டம் அலைமோதுமாம். பிராகாரத்தில் படுத்திருக்கும் எருதுச் சிலைகளின் தலையைத் தடவினால் மூளை வேலை செய்யும் என்று ஐதீகம். தடவித் தடவி மண்டை பளபளவென்று இருக்கிறது. பையன் இரண்டு கையாலும் தடவினான்.

'எமா' என்ற மரப்பலகையில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடலாம். அந்தக் காலத்தில் கோயிலுக்குக் குதிரையே நேர்ந்து விடுவார்களாம். குதிரை வாங்க வசதியில்லாதவர்கள் குதிரைப் படம் வரைந்த பலகை கொடுக்க, அதுவே இப்படி ஆயிற்று. பையன் திரும்பி நின்று எழுதித் தொங்கவிட்டான். பாட்டரியைப் பற்றித்தான் இருக்கும் என்று, அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஜப்பானிய எழுத்துக்கு நடுவே தமிழில் ஒரே வரி. 'அம்மா நிம்மதியாத் தூங்கணும்.'

736-ல் வந்தவர்

திங்கட்கிழமை நாரா. ஒசாகாவிலிருந்து போகும் ரயில் பாதையில் இகோமா வருகிறது. அந்த மலையில் ஹோஸான்ஜி என்ற கோயிலில் நம் பிள்ளையார், 'காங்கிதென்' என்ற பெயரில். சிலையைக் காட்ட மாட்டார்கள், ரகசிய தெய்வம். கொழுக்கட்டைக்குப் பதில் முள்ளங்கி. இறங்க நேரமில்லாததால் ரயிலிலிருந்தே ஒரு கும்பிடு.

நாராவின் தோதாய்ஜியில் பெரிய புத்தர், வெண்கலத்தில் 15 மீட்டர் உயரம். அவர் இருக்கும் ஹால் 1709-ல் திரும்பக் கட்டியது. பழைய அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், அதற்கே 57 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் பேச்சு வரவில்லை. 752-ல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தபோது, தூரிகை பிடித்துக் கண்மணி எழுதியவர் ஓர் இந்தியர். பெயர் போதிசேனா. தென்னிந்தியாவிலிருந்து வந்த துறவி என்று ஜப்பானியப் பழைய குறிப்பே சொல்கிறது. மதுரைக்காரர் என்று உரிமை கொண்டாடுகிறவர்களும் உண்டு. அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலக் கயிறு கட்டி, ஓய்வுபெற்ற சக்ரவர்த்தி முதல் கூடியிருந்த எல்லோரும் பிடித்துக் கொண்டார்களாம், ஆளுக்கொரு பங்கு புண்ணியம் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோஸோயின் கருவூலத்தில் இன்னமும் பத்திரமாக இருக்கின்றன.

"எப்ப வந்தார் மாமா அவர்?"

"736-ல. கப்பல்ல. சீனா வழியா."

"திரும்பிப் போனாரா?"

"இல்லை. 760-ல இங்கேயே காலமாயிட்டார்."

பையன் புத்தரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். "இருபத்திநாலு வருஷம். போன்கூடக் கிடையாது" என்றான், தனக்குத்தானே.

வெளியே வந்ததும் போனை எடுத்தான். நான் நாகரிகமாக நாலடி தள்ளி நின்றேன். காதை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு. "அம்மா... ம், சாப்ட்டேன்... இல்லம்மா, வைக்கலை, நீ பேசு... அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். பாட்டரி சரியா வரலைம்மா. ஆறு மாசமா வரலை" என்று ஆரம்பித்தவன் நாற்பது நிமிஷம் பேசினான். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டான், இரண்டு முறை சத்தமாகச் சிரித்தான். டிசம்பரில் டிக்கெட் போடுகிறானா என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி ஹாஸ்டல் வாசலில், "நாளைக்கு ஏழு மணிக்கே லாப் போகணும் மாமா" என்றான். எனக்கு அது போதும்.

போகிறவர்களுக்கு

கழற்றிப் போட வசதியான ஷூவும், ஓட்டையில்லாத சாக்ஸும் முக்கியம். பல கோயில்களில் மரத்தரையில்தான் நடக்க வேண்டும், உங்கள் கட்டை விரலை உலகமே பார்க்கும். வாசல் தொட்டியில் அகப்பையால் முதலில் இடது கை, பிறகு வலது கை, அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாயை வைத்துக் குடிக்கக் கூடாது. ஃபுஷிமி இனாரிக்குக் கட்டணம் இல்லை. கின்காகுஜி தங்கக் கோயிலுக்கு 500 யென், அங்கே டிக்கெட்டே மந்திரத் தாயத்து மாதிரிதான், கிழித்துப் போடாதீர்கள். இந்தக் கட்டணத்தின் மேல் 1985-ல் கியோட்டோ மாநகராட்சி வரி போட்டபோது, பெரிய கோயில்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ட்ரைக் செய்தன. 1988-ல் வரி போயே போய்விட்டது. துறவிகளிடம் வரி கேட்கிற அதிகாரிகள் குறித்துக் கொள்ளவும்.

கடைசியாக, நாரா மான்கள். ஆயிரத்துக்கு மேல் ஊருக்குள் சுற்றுகின்றன. பிஸ்கெட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நாம் குனிந்தால் அவையும் குனிந்து வணக்கம் சொல்கின்றன. பையன் குனிந்தான், மான் குனிந்தது. மறுபடி குனிந்தான், மறுபடி குனிந்தது. பிஸ்கெட் தீர்ந்துபோனதும் மான் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தது. அப்புறம் நேராக என்னிடம் வந்து, என் ரிட்டர்ன் டிக்கெட்டை மோப்பம் பிடித்தது. வேலை முடிந்துவிட்டது, கிளம்பு என்று அர்த்தமாக இருக்கும்.